பிழைத்த மீன்கள்

குண்டசாலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஆய்வுக்கூடப் பெண், பக்கத்து சீட்டு மீன் பண்ணைக்காரரிடம் சொன்னாள்:

“தடுப்பூசி போட்ட மீனு ஒண்ணுகூட சாகலண்ணே. நேத்துதான் எல்லாத்தையும் கொன்னோம்.”

அவர் மடியில் மூடி போட்ட காலி வாளி இருந்தது.

“பிழைச்சத எதுக்கும்மா கொன்னீங்க?”

“ஊசி போட்டப்புறம் நோய்க்கிருமிய நாங்களே குடுத்துப் பார்த்தோம். அதுகள இனி வெளிய விட முடியாது. கிருமியோட புரதத்துல செஞ்ச ஊசி, ஒடம்புக்குள்ள என்னா செஞ்சதுன்னு அறுத்துப் பார்க்கவும் வேணும்.”

“ஏங் குளத்துல எல்லாம் செத்து மிதந்திருச்சு. ஒங்க லேபுக்கு நான் குடுத்த மீனாவது மிஞ்சியிருக்கும், திரும்ப வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“ஊசி நல்லா வேலை செய்யுதுண்ணே.”

பஸ் நின்றது. அவள் எழுந்தாள்.

“லேப் வந்திருச்சு. எறங்கலையா?”

“எத அள்ளிட்டுப் போக எறங்கச் சொல்றீங்க?”