பச்சை ஆல்பத்துத் தவளைத் தூண்

வெர்னா: கலங்கரை விளக்கப் படமெல்லாம் போதும். அந்தப் பச்சை ஆல்பத்தைத் திறங்க.

வால்டர்: விளக்கு அட்டை பார்க்கத்தான் வர்றேன்னு போன்ல சொன்னீங்க...

வெர்னா: சொன்னேன். திறங்க.

வால்டர்: பழைய தபால் அட்டைங்கம்மா, கை பட்டாலே மூலை மடங்கும். முதல்ல ஒரு பிஸ்கட்...

வெர்னா: பிஸ்கட்டை நீங்களே சாப்பிடுங்க. ...ம். பக்கத்துக்குப் பக்கம் ஒரே தூண். எத்தனை இருக்கு?

வால்டர்: நாற்பத்தொண்ணு. ஸ்கீனா ஆத்தங்கரைப் பழங்குடி ஊர்ல நின்னது. எந்தக் கண்காட்சியில கண்டாலும் விடமாட்டேன்.

வெர்னா: கீழ என்ன அச்சடிச்சிருக்கான் பாருங்க. "யாருமற்ற ஊரில் பூதத் தூண்". பூதமாம். அது தவளை, பெரியவரே. எங்க வீட்டுக் குலத்தூண், மரத்துல எங்க அடையாளம் செதுக்கினது. அந்த ஊர்ல முப்பது குடும்பம் இருந்துச்சு.

வால்டர்: அச்சடிச்சது நான் இல்லையே...

வெர்னா: மியூசியத்துல என்ன சொல்றாங்க தெரியுமா? தொள்ளாயிரத்து ஐம்பதுலயே காத்துல விழுந்து மக்கிக் கிடந்துச்சாம். இரக்கப்பட்டு எடுத்துட்டுப் போனாங்களாம். நின்னதை அறுத்தாங்கன்னு காட்டினாத்தான் திருப்பித் தருவாங்களாம்.

வால்டர்: அதுக்கு என் அட்டை எப்படி...

வெர்னா: இதோ, இதுல ஐம்பத்திரண்டு ஜூலை முத்திரைன்னு ஆல்பத்து முன்பக்க லிஸ்ட்லயே போட்டிருக்கீங்க.

வால்டர்: முத்திரை, அட்டை எப்பப் போச்சுன்னுதான் சொல்லும். படம் அதுக்குப் பத்து வருஷம் முந்தினதா இருக்கலாம்.

வெர்னா: சரி, பின்னாடி என்ன எழுதியிருக்கு?

வால்டர்: மழை... வெயில்... எல்லாரும் எழுதறதுதான்.

வெர்னா: உருவிக் காட்டுங்க.

வால்டர்: ஒட்டியிருக்கு.

வெர்னா: நாற்பது அட்டை உறைக்குள்ள இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் கோந்தா? மூலை மடங்கும்னு பதறுற மனுஷன் கோந்து போடுவாரா?

வால்டர்: ...ஆல்பத்தோட எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

வெர்னா: நல்லா இருக்கே. தூக்கிக் கொடுத்துட்டு நீங்க கதவைச் சாத்திக்குவீங்க. எங்களுக்குக் காகிதம் மட்டும் போதாது. எங்க விருந்து மண்டபத்துல எல்லாக் குலமும் சாட்சியா உட்கார்ந்திருக்கணும். ஒருத்தர் எழுந்து வாயால சொல்லணும். அப்பத்தான் அது நடந்ததா ஆகும். சனிக்கிழமை மியூசியக்காரங்களும் வர்றாங்க. நீங்கதான் படிக்கணும்.

வால்டர்: என்னால படிக்க முடியாது.

வெர்னா: கண்ணாடி மூக்கு மேலதானே இருக்கு?

வால்டர்: கண்ணாடியே வேண்டாம்மா, மனப்பாடம். "வால்டர் கண்ணு, இங்க ஊரே காலி. எல்லாரும் மீன் பதனிடற வேலைக்குக் கடற்கரைக்குப் போயிட்டாங்க. இந்தப் படத்துத் தூண் இன்னும் ஜம்முனு நிக்குது. நாளைக் காலையில மியூசியத்துக்காக அறுக்கறோம். அம்மா சொல்பேச்சு கேளு. அப்பா." ...எனக்கு அப்ப ஆறு வயசு. மத்த நாற்பதும் நான் தேடி வாங்கினது. இது வீட்டுக்கு வந்தது.

வெர்னா: தெரியும். உங்க தங்கச்சி போன மாசமே சொல்லிட்டாங்க. மறைச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துருவீங்களோன்னு அவங்களுக்குப் பயம். நீங்களா வாய் திறக்கறீங்களான்னு பார்க்கத்தான் நான் இவ்வளவு நேரம் கத்தினேன். மண்டபத்துல உங்க பேருக்கு நாற்காலி போட்டாச்சு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து சேருங்க.