கலப்பில்லாத காளை

எனக்குப் பால் பிடிக்காது, குடித்தால் கடுங்காப்பிதான். ஆனால் மாடென்றால் உயிர். இன்ஸ்பெக்டர் அம்மா, முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

விளாங்குடியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாட்டு மாடுகளின் உயிரணுக்களை உறைய வைத்துக் காக்கிறோம். காதோரம் பட்டாணியளவு தோலை எடுத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் இறக்கிவிட்டால் அந்த இனத்துக்கு அழிவில்லை. கீழக்குயில்குடி விருமாண்டி அண்ணனின் புலிக்குளம் காளையிடமும் எடுத்தேன். கலப்பே இல்லாத காளை. தோலை எடுத்த கையோடு அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

அந்தக் காளையை அண்ணன் தன் ஜெர்சிப் பசுக்களோடு சேரவிட்டார். பிறந்த கன்றுகளுக்குத் திமிலும் இல்லை, திமிரும் இல்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ளைக பால் குடிக்கணும்ல தம்பி. காளைக் கொம்பையா கறந்து குடுக்க?" என்று சிரித்தார். நல்ல மனிதர். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எல்லோரும் ஆரப்பாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் அரிவாளோடு தொழுவத்துக்குப் போனேன். கன்றுகளை ஒவ்வொன்றாகக் கழுத்தறுத்தேன். கடைசிக் கன்று என் விரலைச் சப்பியது. அதையும் அறுத்தேன். தாய்ப் பசுக்கள் கத்தியதுதான் சகிக்கவில்லை.

அடுத்து காளை. அதன் உயிரணு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உடம்பு இருந்தால் மறுபடியும் கலப்புத்தான். கட்டுத்தறியை நெருங்கும்போது அண்ணன் வந்துவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கல்யாண வீட்டிலிருந்து பாதியில் திரும்பியிருக்கிறார். கன்றுகளைப் பார்த்ததும் ஓடிவந்து காளைக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"பாவி, பச்சப் புள்ளைகள அறுத்துட்டியேடா. என்னைய வெட்டிட்டு இதத் தொடு."

அவர் சொன்னபடியே செய்தேன். பிறகு காளையையும்.

கொன்றாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வெட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். கொல்லவில்லை. மூச்சு இருக்கும்போதே அவர் காதோரத்திலும் ஒரு துண்டு எடுத்துத் தொட்டியில் இறக்கிவிட்டேன். காளைக்குப் பக்கத்துக் குப்பியில் சௌக்கியமாக இருக்கிறார்.

நைட்ரஜன் தானாக ஆவியாகிக் குறையும். வாரம் தவறாமல் ஊற்ற வேண்டும். என்னை இங்கே உட்கார வைத்துவிட்டீர்கள். அங்கே ஊற்ற ஆளில்லை. தயவுசெய்து யாரையாவது அனுப்புங்கள். தொட்டி காய்ந்தால் அண்ணன் செத்துப்போவார். அந்தக் கொலைக்கு நான் பொறுப்பில்லை.