பதினொன்று நாற்பதுக்குப் பேசியவர்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் தனியே எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. பஸ் டிப்போவுக்குப் பின்புறம் உள்ள குடியிருப்பில், இரண்டாவது மாடியில், மனைவியுடன் வசிக்கிறேன். தொழில், மறைந்த தலைவரின் உதவியாளர். உதவியாளர் என்றால் என்ன வேலை என்று நீதித்துறை நடுவர் அவர்கள் கேட்டதற்கு, தலைவரின் குரலில் தொலைபேசியில் பேசுவதுதான் இருபத்தோரு வருடமாக என் வேலை என்று பதில் சொன்னேன். நடுவர் அவர்கள் எழுதுபவரை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே சாட்சியமாகும் என்று எச்சரிக்கப்பட்டேன். அது தெரிந்துதான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன்பு நான் தேர்தல் ஜீப்பில் மைக் பிடிப்பவன். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவேன். ஒரு தேர்தலில், தலைவரை எதிர்த்து நின்றவருடைய ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, தலைவரின் குரலிலேயே, "நான் தின்னது போக மிச்சம் உங்களுக்குத்தான்" என்று சந்தை வாசலில் பேசினேன். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அன்று சாயங்காலமே நான்கு பேர் வந்து என்னை அழைத்துப் போனார்கள். கை கால் மிஞ்சாது என்றுதான் நினைத்தேன். தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "எங்க, இன்னொரு தரம் பேசு" என்றார். பேசினேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்துவிட்டு, தன் கையில் இருந்த வாட்சைக் கழற்றி என் கையில் கட்டி, "என்னைவிட நல்லாப் பேசுறியேடா. இனிமே எனக்காகப் பேசு" என்றார்.

அதன் பிறகு ஒரு மாதம் அந்த வாட்சை நான் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் அவர் அலமாரியில் அதே வாட்ச் பெட்டி பெட்டியாக அடுக்கி இருப்பதைப் பார்த்தேன். தினமும் காலையில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். போகிற இடத்தில் அழுகிற யாருக்காவது, ஏதோ தன் உயிரையே கழற்றித் தருவதுபோலக் கழற்றிக் கொடுப்பார். கார் கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் அடுத்ததை நீட்டுவார். ஊர் முழுக்க அவருக்கு வாட்ச் தலைவர் என்று பெயர். மலிவான வாட்ச் என்று தெரிந்தவர்கள்கூட அதைக் கழற்றவில்லை.

அவர் கை சுத்தமில்லாதவர்தான். அதை மூடி மறைக்க நான் இங்கே வரவில்லை. ரோடு, சாக்கடை, பள்ளிக்கூட பெஞ்சு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய், அந்த வீட்டுக்காரர்களைவிட அதிகமாக அழுவார். அழுகை நிஜமா பொய்யா என்று பக்கத்தில் இருந்த எனக்கே கடைசி வரை பிடிபடவில்லை. நேரில் போக முடியாத வீடுகளுக்கு நான் போனில் அழுதேன். அப்படி ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேரிடம் அவராகப் பேசியிருக்கிறேன். இதற்கு அவர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் இருக்கிற அறையில்தான் நான் அவர் குரலில் பேச வேண்டும். அவர் வெளியே போனால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் மனைவியும் தன் பங்குக்கு, "அந்தக் குரலை வாசல்லயே விட்டுட்டு வீட்டுக்குள்ள வாங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். இரண்டு சட்டத்தையும் நான் மீறியதில்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தான் கட்டிய எந்தக் கட்டிடத்துக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. ரிப்பனை வெளிக்கேட்டிலேயே வெட்டிவிட்டு, "ஜனங்க நடுவுல நின்னாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்று சொல்லி வெயிலிலேயே பேசிவிட்டுப் போய்விடுவார். எளிமை என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு முறை காரில் உட்கார்ந்தபடி, "நீ வேணா உள்ள போய்ப் பார்த்துட்டு வாடா, நிக்குதான்னு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கடைசியாக அவர் கட்டியது புதிய நகர மண்டபம். ஒப்பந்தம் அவருடைய மகனின் மாமனார் பெயரில் இருந்தது. வேலையை மேற்பார்வை பார்த்தவர் நகராட்சி இஞ்சினியர். இப்போது சிறையில் இருப்பவர் இவர்தான். மண்டபத்தின் முகப்பில் பெரிய போர்டிகோ. அதற்குக் கான்கிரீட் கூரை போட்டு, அது இறுகும் வரை தாங்குவதற்காக அடியில் வரிசையாக முட்டுக் கம்பங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் தலைவர் நெஞ்சு வலியோடு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் தேறி வருவதாகத் தினமும் அறிக்கை வந்தது. அறிக்கை எழுதியது மகன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது பத்துக்குத் தலைவர் இறந்தார். நான் அறையில் இருந்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். அதன் பிறகு மகன் கதவைச் சாத்திவிட்டு, கட்சியில் அடுத்த நாற்காலி தனக்குத்தான் என்று முடிவாகும் வரை விஷயம் வெளியே போகக் கூடாது என்றார். அதன் பிறகு அவர் பெரிய தலைகளுக்கெல்லாம் ஒவ்வொருவராக போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் கையில் வாட்ச் இல்லை. நர்ஸ் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார்.

பதினொன்றரை மணிக்கு மேல் மகன் என்னிடம் வந்து, "அண்ணே, அப்பாவைப் புது மண்டபத்து போர்டிகோவுலதான் வைக்கணும். வேற எங்கயும் இவ்வளவு கூட்டம் கொள்ளாது. நாளைக்கு நான் அங்க வர்றேன், முட்டுக் கம்பங்களைப் பிரிச்சு வழி பண்ணி வையுன்னு அப்பா பேசுற மாதிரி அந்த இஞ்சினியர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அவன் கேக்க மாட்டான்" என்றார். தப்பித்துக்கொள்ள நினைத்து, "தலைவர் இருக்கிற ரூம்லதான் தம்பி நான் பேசுவேன். அது அவர் போட்ட சட்டம்" என்றேன். மகன் கட்டிலைத் திரும்பிப் பார்த்து, "இருக்காரே அண்ணே" என்றார். தலைவருடைய போனை என் கையில் கொடுத்தார்.

அப்போது மணி பதினொன்று நாற்பது. "நான்தான்" என்று சொல்லி, தலைவர் இருமுகிற மாதிரி ஒரு சின்ன இருமல் இருமி நிறுத்தினேன். இஞ்சினியர், "ஐயா! எப்படிங்கய்யா இருக்கீங்க?" என்றார். சந்தோஷத்தில் அவர் குரல் தழுதழுத்தது. மகன் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "ஐயா, கான்கிரீட் போட்டுப் பதிமூணு நாள்தான் ஆகுது. இன்னும் பதினஞ்சு நாள் முட்டு நிக்கணும்யா. முடியாதுங்கய்யா" என்று மறுத்தார். மகன் சொல்லிக் கொடுத்தது அதோடு முடிந்துவிட்டது. நான் போனை வைத்திருக்கலாம். ஆனால் எதிராளி மறுத்தால் வாய் தானாக அடுத்ததைத் தேடும். அது என் பிழைப்பு. "ஏன்யா, நான் என்ன யானை மேலயா வரப்போறேன்? பாதியா இளைச்சுட்டேன்யா" என்றேன். இஞ்சினியர் சிரித்துவிட்டார். பிறகு தயங்கி, "ஐயா, நீங்க நிஜமாவே உள்ள வருவீங்களா?" என்று கேட்டார். தலைவர் எந்தக் கட்டிடத்துக்குள்ளும் வர மாட்டார் என்பது அவருக்கும் தெரியும். "நீ கட்டினதுன்னா வருவேன்" என்றேன். அதன் பிறகு, "சரிங்கய்யா" என்றார்.

அந்த யானையும் அந்தக் கடைசி வார்த்தையும் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அல்ல. இரண்டும் என் சொந்தச் சரக்கு. உயிரோடு இருந்த தலைவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். இஞ்சினியர் ஒருவர் தாங்காது என்று சொன்னால் தலைவர் அந்த நிமிடமே பின்வாங்கிவிடுவார். கலவையில் என்ன போடவில்லை என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் குரலை அச்சு அசலாகப் பிடித்த எனக்கு, அவருடைய அந்தப் பயத்தைப் பிடிக்கத் தெரியவில்லை.

மாலை நான்கு மணிக்கு, தலைவர் மூன்று பதினைந்துக்குக் காலமானதாக அறிவிக்கப்பட்டது. அப்போது பாதி முட்டு பிரித்தாகிவிட்டது. செய்தி கேட்டதும் இஞ்சினியர் அங்கேயே மணல் குவியல் மேல் உட்கார்ந்து அழுதார் என்றும், ஐயா தன்னிடம் கேட்ட கடைசிக் காரியம் என்று சொல்லி மிச்ச முட்டுகளையும் தானே கூட நின்று பிரிக்க வைத்தார் என்றும் வேலையாட்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து தலைவரின் உடல் கண்ணாடிப் பெட்டியில் போர்டிகோவில் வைக்கப்பட்டது. நான் பழைய வேலைக்கே போயிருந்தேன். மைக்கில், "வரிசையா வாங்க, தள்ளாதீங்க, உள்ள இடம் இருக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு மேல் கட்சிக்காரர்கள் நாற்பது, ஐம்பது பேர் கொடி கட்டுவதற்கும் படம் எடுப்பதற்கும் போர்டிகோ கூரை மேல் ஏறினார்கள். இஞ்சினியர் கீழே நின்று இறங்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். மைக்கைக் கேட்டு என்னிடம் ஓடி வந்தார். நான் கொடுப்பதற்குள், பத்து இருபதுக்கு, கூரை இடிந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். ஒருவர் தெருமுனையில் துணி இஸ்திரி போடுகிறவர். ஒரு தாயும் மகளும். மற்ற இருவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். இரண்டு பேர் கையிலும் தலைவர் கொடுத்த வாட்ச் இருந்தது. பெட்டி இருந்த பக்கம் மட்டும் விழாததால் தலைவர் உடலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்சிக்காரர்கள் அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள்.

அதன் பிறகு இஞ்சினியர் கைது செய்யப்பட்டார். ஐயாதான் பதினொன்று நாற்பதுக்கு போனில் முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார் என்று அவர் சொன்னார். அறிவிப்பில் மூன்று பதினைந்து என்று சொல்லியிருந்தாலும், மருத்துவமனைச் சான்றிதழில் டாக்டர் எழுதிய இறந்த நேரம் ஒன்பது பத்து என்றே இருந்தது. செத்தவர் மேல் பழி போடுகிறார் என்று எல்லோரும் காறித் துப்பினார்கள். அந்த அழைப்பில் பேசியது தான்தான் என்றும், வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்ததாகவும், முட்டுகளைப் பற்றிப் பேசவே இல்லை என்றும் மகன் எழுதிக் கொடுத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

முப்பத்தெட்டு நாள் கழித்து இஞ்சினியரின் மனைவி போன் கம்பெனியிலிருந்து வாங்கிய தாளோடு கட்சி அலுவலகத்துக்கு வந்தார். பதினொன்று நாற்பது என்பதைச் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார். "அண்ணே, நீங்க அந்த ரூம்லதான் இருந்தீங்களாம். பேசினது யாருன்னு மட்டும் சொல்லுங்க. ஐயாதான் பேசினார்னு அடிச்சுச் சொன்ன மனுஷன், இப்போ எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சு போலன்னு சொல்றார். ஜெயில் டாக்டர் மாத்திரை குடுக்குறாராம். அவர் பொய் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு ஆயிடுச்சு அண்ணே எனக்கு" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். அவர் அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். இருபத்தோரு வருடத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் இன்னொருவர் குரலில். இது மட்டும் என் குரலில்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மகன் என்னை ஒலிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டார். இடைத்தேர்தலில் அவர் நிற்கிறார். "ரெண்டே நிமிஷம் அண்ணே. ஆஸ்பத்திரியில அப்பா கடைசியா பேசினதுன்னு போட்டுக்கலாம். என் மகனை உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்னு ஆரம்பிங்க" என்றார். மைக் முன்னால் வாயைத் திறந்தேன். குரல் எந்தப் பிசிறும் இல்லாமல் வந்தது. தொண்டை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க" என்று சொல்லி, இரண்டு சட்டையும் ஒரு துண்டும் பையில் எடுத்து வைத்தாள். அந்தப் பையோடுதான் இன்று காலை வந்தேன்.

நான் சொல்வதை எப்படி நம்புவது என்று நடுவர் அவர்கள் கேட்டார். அவர் உத்தரவுப்படி இன்று பிற்பகல் இஞ்சினியர் சிறையிலிருந்து அழைத்து வரப்பட்டு, பக்கத்து அறையில் ஒரு காவலரோடு உட்கார வைக்கப்பட்டார். யார் பேசப் போகிறார்கள் என்று அவரிடம் சொல்லப்படவில்லை. இரண்டு அறையிலும் போன் ஒலிபெருக்கியில் வைக்கப்பட்டது. நான், "நான்தான்" என்று சொல்லி இருமி நிறுத்தினேன். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் சுவர் வழியாகவே கேட்டது. "ஐயா" என்றார். அதன் பிறகு, "அஞ்சு பேர் செத்துட்டாங்கய்யா. நான் முடியாதுன்னு சொன்னேனேய்யா" என்றார்.

நடுவர் அவர்கள் மேலே பேசும்படி கையைக் காட்டினார். அந்தக் குரலில் அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் குரலில், என் பெயரைச் சொல்லி, "அன்னைக்குப் பேசினது நான்தான் சார்" என்றேன். பக்கத்து அறையில் அவர் காவலரைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் கேட்டுச்சா? உங்களுக்கும் கேட்டுச்சு இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதப்பட்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது; நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல், நானாக வந்து, என் சொந்தக் குரலில் சொன்ன இவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)