பட்டன் தேயாத டயர்

வக்கீல்: அதெல்லாம் இருக்கட்டும்வே. எப்.சி. அன்னைக்கு வண்டியில மாட்டியிருந்தது யாரு டயரு? அத மட்டும் சொல்லும்.

செல்லப்பா: யாரு டயருன்னா... டயருதான் வக்கீலய்யா. வட்டமா இருந்துச்சு.

வக்கீல்: நக்கலு! கோர்ட்டு வராந்தாவுல நின்னுக்கிட்டு, சாட்சி சொல்ல வந்த மனுசன் எங்கிட்டயே நக்கல் பேசுதீரு.

செல்லப்பா: சாட்சி சொல்ல வந்தேன்னு யாரு சொன்னா? இந்தத் தாயி மூணு நாளா எங்க வீட்டு நடையில வந்து உக்காந்துக்கிட்டு, எந்திரிக்க மாட்டேன்னுட்டா. அதுக்காவ வந்தேன்.

முப்பிடாதி: நீங்க வருவியன்னுதான் உக்காந்தேன் அண்ணாச்சி.

வக்கீல்: கேட்டீரா? இவ புருசன் அய்யாக்குட்டி அந்தா, போலீஸ்காரனுக்குப் பக்கத்துல கூனிக் குறுகி உக்காந்திருக்கான். பஸ்ஸ கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி, பண்பொழி ரோட்டுப் பாலத்துல முட்டி, நாலு பேரக் கொன்னான்னு கேஸு. நீரு அதே பஸ் கம்பெனியில டயரு மாட்டுத பிட்டரு. நீரு வாயத் தொறந்தா அவன் வீட்டுக்குப் போவான். தொறக்கலன்னா பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போவான்.

முப்பிடாதி: நாலு பேருல ஒண்ணு எம்மவ இசக்கி.

வக்கீல்: அதைத்தான் தாயி நானும் சொன்னேன். பெத்த மவள முன் சீட்டுல உக்கார வச்சு, அவ மாமியார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறவன் எவன்யா வேகமா ஓட்டுவான்னு கேட்டேன். அதுக்கு மேஜிஸ்ட்ரேட்டு என்ன கேட்டாரு தெரியுமா? மவ கூடப் பேசிக்கிட்டு வந்ததுல கவனம் தப்பிட்டோங்காரு.

செல்லப்பா: அடப்பாவி.

வக்கீல்: பாவின்னு அவரச் சொல்லி என்ன செய்ய? அவருக்கு முன்னால இருக்கது காயிதம். அது என்ன சொல்லுதோ அதத்தான் அவரு கேப்பாரு. இப்பச் சொல்லும். தென்காசியில பஸ் வச்சிருக்க மூணு மொதலாளிக்கும் சேத்து ஒரே செட்டு நல்ல டயரு. ஆமாவா, இல்லையா? வருசத்துக்கு ஒருக்க எப்.சி.ன்னு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால வண்டிய நிறுத்துத அன்னைக்கு அத மாட்டுவிய. சர்ட்டிபிகேட்டு கைக்கு வந்ததும் கழட்டி, மாட்டு வண்டியில ஏத்தி அடுத்த கம்பெனி ஷெட்டுக்கு அனுப்புவிய. ரோட்டுல ஓட மொட்டை டயரு, காட்டுததுக்கு இது. ஊருக்கே தெரிஞ்ச கதைதானவே!

செல்லப்பா: டயரு மட்டுமா? முதலுதவிப் பொட்டியும் ஒண்ணுதான். அதுக்குள்ள இருக்க டிஞ்சரு பாட்டில இதுவர எவனாவது மோந்து பாத்திருக்கானா? கருப்பட்டிக் காப்பி அய்யா அது.

முப்பிடாதி: சிரிக்காதிய அண்ணாச்சி.

செல்லப்பா: சிரிக்கல தாயி. வயிறு எரியுது.

வக்கீல்: எரியுதுல்லா? அப்பக் கூண்டுல ஏறும்.

செல்லப்பா: ஏறி? நான் கேக்கேன்... மேல எங்கனயோ உக்காந்து ஒரு ரூல் போடுதான். டயரு இப்படி இருக்கணும், ஆரனு இப்படி இருக்கணும்னு. செரி, போடு. டயரு எங்க கெடைக்கும்னு ஒரு ரூல் போட்டானா? மொதலாளி எழுதிப் போட்டுட்டு மாசக்கணக்கா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருப்பாரு. வண்டி ஓடலன்னா ஏன் ஓடலன்னு நோட்டீஸு. தேஞ்ச டயரோட ஓடுனா அதுக்கு ஒரு நோட்டீஸு. என்னதான் செய்யச் சொல்லுதிய?

வக்கீல்: சட்டத்தக் கொற சொல்லாதேயும். சட்டம் நல்லாத்தான் எழுதியிருக்கு.

செல்லப்பா: எழுதுனவன் எங்க வண்டியில ஏறலைலா. அதான் நல்லா இருக்கு.

வக்கீல்: ஓய்... நானும் இந்தக் கருப்புக் கோட்ட மாட்டிக்கிட்டு அலைஞ்சுதான் சொல்லுதேன். சட்டத்துக்குக் கை நீளம்லாம் கெடையாது. பக்கத்துல எவன் நிக்கானோ அவனப் புடிக்கும். வண்டி கவுந்தா ஸ்டீரிங்கப் புடிச்சிருந்தவன் மாட்டுவான். வண்டிக்குச் சொந்தக்காரன் நாலு எட்டு தள்ளி இருப்பான். சர்ட்டிபிகேட்டு கொடுத்தவன் அதுக்கும் தள்ளி. அவ்வளவு தூரம் அது நடக்காது.

செல்லப்பா: பொறவு என்னத்துக்குய்யா அது?

வக்கீல்: எனக்குச் சோறு போடுததுக்கு. வாயக் கிண்டாதேயும். விசயத்துக்கு வாரேன். அய்யாக்குட்டி என்ன சொல்லுதான்? டயரு மொதல்ல வெடிச்சுது, அதுக்குப் பொறவுதான் வண்டி எடப்பக்கம் இழுத்துட்டுங்கான். பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன எழுதியிருக்காரு? டயரு அத்தனையும் நல்ல டயரு, மேல இருக்க ரப்பர் பட்டன் தேயவே இல்ல, பாலத்துக் கல்லுல மோதித்தான் வெடிச்சிருக்குங்காரு. அந்த டயரு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கெடக்கு. நானும் பாத்தேன். பட்டன் பளபளன்னு இருக்கு.

செல்லப்பா: இருக்கும்.

வக்கீல்: எங்கனவே இருக்கும்? எப்.சி. முடிஞ்சதுக்கு மறுநாளுதான் விபத்து. அதுக்குள்ள நீங்க கழட்டி மொட்டைய மாட்டியிருப்பிய. மொட்டைதான் வெடிச்சிருக்கு. வண்டி ஓடைக்குள்ள கெடக்கையில உம்ம மொதலாளி காந்திமதிநாதன் ஆள வச்சு ராவோட ராவா நல்ல டயர மாத்திட்டாரு. இத நீரு சொல்லணும். இது போதும்.

செல்லப்பா: வண்டி தலைகீழாக் கெடந்துச்சு அய்யா. ஜாக்கிய எங்கன வைக்க? ஆகாசத்துலயா?

வக்கீல்: பிட்டரு மூள! கோர்ட்டுக்கு ஜாக்கி தெரியாதுவே.

செல்லப்பா: சர்க்கார் வக்கீலோட அண்ணன் லாரி வச்சிருக்காரு. அவருக்குத் தெரியும்.

முப்பிடாதி: மொட்டைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. ஜாக்கியெல்லாம் எதுக்கு? மொட்டை டயருதான் மாட்டியிருந்தேன்னு சொல்லுங்க.

செல்லப்பா: நீ சும்மா இரு தாயி.

வக்கீல்: மொதலாளிக்குப் பயப்படுதீரா?

செல்லப்பா: பயந்தா என்ன தப்பு? எனக்கும் பிள்ளையளு இருக்கு.

முப்பிடாதி: எனக்கும் இருந்துச்சு.

வக்கீல்: ...கூப்பிடுதான். நம்ம கேஸுதான். நான் உள்ள போயி, நம்ம தரப்புல சாட்சி ஒண்ணு உண்டுன்னு சொல்லிக் கொஞ்சம் நேரம் கேக்கேன். தாயி, நீ இந்தாள விடாத. இவரு வாயில என்னமோ கெடக்கு, துப்பவும் மாட்டேங்காரு, முழுங்கவும் மாட்டேங்காரு.

செல்லப்பா: ...போயிட்டாரு. நீயும் உள்ள போ முப்பிடாதி. அய்யாக்குட்டி உன் மொகத்தத் தேடுவான்.

முப்பிடாதி: தேட மாட்டாக. நேத்துப் பாத்தேன், கம்பிக்கு அங்கன தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னாக. ஜாமீன் எடுக்க எங்க அண்ணன் வந்தான்லா, வேண்டாம்னுட்டாக. வீட்டுக்கு வந்தா கொடியில மவ சேல கெடக்குமாம்.

செல்லப்பா: எடுத்து உள்ள வைக்கப்படாதா?

முப்பிடாதி: எப்படி அண்ணாச்சி எடுக்க? இப்ப அவுகளே நம்ப ஆரம்பிச்சுட்டாக. "நாந்தான் வேகமாப் போயிட்டேனோட்டி? அவ ஏதோ சொன்னா, நான் சிரிச்சேன். சாரல்ல ரோடு தெரிஞ்சிச்சா, தெரியலையான்னே ஞாபகம் இல்ல"ங்காக. எத்தன வருசம் வண்டி ஓட்டுன மனுசன்! ஒரு ஆட்டுக்குட்டி மேல ஏத்துனது கெடையாது. எல்லாரும் சேந்து சொல்லிச் சொல்லி, அவுகளுக்கே அது நெசமாயிட்டு.

செல்லப்பா: அவன் வேகமாப் போகல.

முப்பிடாதி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

செல்லப்பா: தெரியும்.

முப்பிடாதி: அப்ப மொட்டைதானே? மொட்டைன்னு சொல்லிருங்களேன்.

செல்லப்பா: மொட்டை இல்ல தாயி.

முப்பிடாதி: சொல்லாதிய.

செல்லப்பா: நல்ல டயருதான். எப்.சி.க்கு மாட்டுன அதே டயரு. நான் கழட்டல. மழ... எப்.சி. முடிஞ்ச அன்னைக்குச் சாயந்தரம் மழ. ஷெட்டு வேற ஒழுகுச்சு. காலையில கழட்டிக்கிடலாம்னு போட்டுட்டுப் போயிட்டேன். நான் வாரதுக்குள்ள அய்யாக்குட்டி வந்துட்டான். மவளோட டிரங்குப் பொட்டிய ஏத்துத ஜோருல, எந்த டயரு கெடக்குன்னு குனிஞ்சுகூட பாக்காம வண்டிய எடுத்துட்டான்.

முப்பிடாதி: மழையா அண்ணாச்சி?

செல்லப்பா: மழைதான்.

முப்பிடாதி: ...செரி.

செல்லப்பா: கேளு. அது சுதந்திரம் வந்த வருசம் வாங்குன செட்டு. ரோட்டுல ஓடுனதே கெடையாது. வருசத்துக்கு மூணு நாளு வெளிய வரும், பொறவு தகரக் கொட்டாய்க்குள்ள போயிரும். பட்டனப் பாத்தா நேத்துக் கடையில எடுத்த மாதிரி இருக்கும். அதனால நாங்க அத்தன பேரும் அத அன்னைக்கு வரைக்கும் புது டயருன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். எனக்கும் தெரியல, மொதலாளிக்கும் தெரியல, இன்ஸ்பெக்டருக்கும் தெரியல.

முப்பிடாதி: என்ன தெரியல?

செல்லப்பா: ரப்பருக்கும் வயசாவும்லா? வெடிச்ச எடத்த ஸ்டேஷன் வாசல்ல வச்சு நகத்தால சுரண்டிப் பாத்தேன். பப்படம் கணக்கா உதிருது. உள்ள செத்து எத்தனையோ வருசமாச்சு. வெளிய பட்டன் மட்டும் அப்படியே இருக்கு.

முப்பிடாதி: அன்னைக்கு... மொட்டை டயரு கெடந்திருந்தா?

செல்லப்பா: அத விடு.

முப்பிடாதி: சொல்லுங்க அண்ணாச்சி.

செல்லப்பா: போயிருக்கும். தேஞ்சாலும் அது நெதம் ஓடுத டயரு. பண்பொழிக்குப் போயி ஆள எறக்கிட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பியிருக்கும். ரூல்ல பட்டன் இருக்கான்னுதான் கேள்வி. எந்த வருசத்து டயருன்னு எவனும் கேக்கல. இன்ஸ்பெக்டரு பொய் எழுதல. மொத மொதலா எங்க வண்டி, சர்ட்டிபிகேட்டுல எப்படி எழுதியிருக்கோ அப்படியே ரோட்டுக்குப் போச்சு தாயி. அன்னைக்குத்தான்... சவம், என்ன பொழப்பு இது! ஏமாத்திக்கிட்டுத் திரிஞ்ச வரைக்கும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல.

முப்பிடாதி: அழாதிய அண்ணாச்சி. அந்தா, பாக்காக.

செல்லப்பா: பாக்கட்டும். இத்தன நாளா வாயப் பொத்திக்கிட்டு இருந்தது மொதலாளிக்குப் பயந்து இல்ல. கூண்டுல ஏறுனா அடுத்தாப்புல ஒரு கேள்வி கேப்பான். அதுக்காவத்தான்...

முப்பிடாதி: என்ன கேள்வி?

செல்லப்பா: ஒண்ணும் இல்ல. வா, உள்ள போவோம். சொல்லிருதேன். பழைய டயரு, கழட்டாம விட்டது என் தப்புன்னு சொல்லிருதேன். என்னைய உள்ள வைக்கட்டும். அய்யாக்குட்டி தலைய நிமுந்து நடக்கட்டும்.

முப்பிடாதி: ஏன் கழட்டலன்னு கேட்டா?

செல்லப்பா: மழைன்னு சொல்லுவேன். சத்தியம் பண்ணியே சொல்லுவேன். நீ வா... என்ன, வக்கீலு வாராரு? அதுக்குள்ளயா?

வக்கீல்: போச்சு. போச்சுவே எல்லாம்.

செல்லப்பா: என்னய்யா?

வக்கீல்: நான் எந்திரிச்சு வாயத் தொறக்கல, அதுக்குள்ள அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "வேகமாத்தான் போனேன் எசமான், எம்மவள நாந்தான் கொன்னேன், என்னைய உள்ள போடுங்க"ன்னு கூண்டுக் கட்டையில மண்டையக் கொண்டு முட்டுதான். ரெண்டு போலீஸ்காரன் சேந்து புடிச்சான். உக்காருடான்னு நானும் கத்துதேன்... கேக்க மாட்டேங்கான்.

செல்லப்பா: மேஜிஸ்ட்ரேட்டு?

வக்கீல்: கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. திரும்ப மாட்டுனாரு. ஒரு வருசம்னு எழுதுனாரு.

செல்லப்பா: நான் வாரேன்யா. இப்ப சொல்லுதேன். என்னைய ஏத்துங்க.

வக்கீல்: இனி யாருகிட்டச் சொல்லப் போறீரு? எந்திரிச்சுப் போயாச்சு.

செல்லப்பா: அப்பீல்னு ஒண்ணு இருக்கும்லா?

வக்கீல்: இருக்கு. தானா ஒத்துக்கிட்டவனுக்கு, வருசத்தக் கொஞ்சம் கொறைங்கன்னு கேக்க மட்டும்தான் அப்பீலு. டயரப் பத்தி இனிமே ஒருத்தனும் கேக்க மாட்டான். கேக்கக் கூடாதுன்னே எழுதி வச்சிருக்கான்வே. ...தாயி, அவன வண்டியில ஏத்துததுக்கு முன்னால ஒரு நிமிசம் பேச விடச் சொல்லுதேன். பின் வாசலுக்கு வா. அழுதுக்கிட்டு நிக்காத, வெரசா வா.

செல்லப்பா: போ முப்பிடாதி. நான் நேத்தே சொல்லியிருக்கணும். என்னைய என்ன வேணும்னாலும் ஏசு. ஆனா இப்ப போ.

முப்பிடாதி: போறேன். ஒரு வார்த்த சொல்லிருங்க, போயிருதேன்.

செல்லப்பா: என்ன வார்த்த?

முப்பிடாதி: மொட்டை டயருன்னு.

செல்லப்பா: கோட்டி புடிச்சிட்டா உனக்கு? அதான் கேஸே முடிஞ்சுட்டே.

முப்பிடாதி: கேஸுக்கு இல்ல அண்ணாச்சி. எனக்குச் சொல்லுங்க.

செல்லப்பா: வேண்டாம் தாயி. மழைன்னு சொன்னேம்லா... அத வச்சுக்கோ. நான் யாருகிட்டயும் வேற எதுவும் சொல்ல மாட்டேன். அவன்கிட்டயும்.

முப்பிடாதி: மழைன்னு நீங்க எனக்காவத்தான சொல்லுதிய. அன்னைக்குச் சாயந்தரம் நாந்தான ஷெட்டுக்கு வந்தேன். எம்மவ போற வண்டி, இந்த ஒரு நாளு மட்டும் நல்ல டயரு கெடக்கட்டும், கழட்டாதிய அண்ணாச்சின்னு உங்க கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டேம்லா... மொட்டைன்னு ஒருக்கச் சொல்லிருங்க. நான் வந்து கேக்கவே இல்லன்னு ஆயிட்டுப் போவுது.