சொன்னது அத்தனையும் உண்மைதான்

நாற்காலிகளை வட்டமாகப் போடுவது பார்க்கத்தான் சுலபம், மேடம். யாருடைய முதுகும் கதவுக்கு நேராக வரக்கூடாது. முதுகுக்குப் பின்னால் கதவு இருந்தால் புதிதாக வந்தவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். இதெல்லாம் நீங்கள் சொல்லித் தந்ததில்லை. நான்கு வருடச் சனிக்கிழமைகளில் நானாகக் கண்டுகொண்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் நான். என் மகனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாளைக்கு நாற்பது முறை கை கழுவுவான், தோல் உரிந்து ரத்தம் வரும்வரை. வாசலைத் தாண்டி எட்டு மாதம் ஆகிறது. முதன்முதலில் இந்த மனநல ஆஸ்பத்திரியில் நீங்கள் நடத்தும் வட்டத்தில் உட்கார்ந்தபோது, என்னைப் போலவே பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் பத்துப் பதினைந்து பெற்றோரைப் பார்த்தேன். மூச்சு வந்தது. போகப் போக, புதிதாக வருபவர்களுக்குத் தைரியம் சொல்லும் பொறுப்பை நீங்கள் என்னிடம் தந்தீர்கள். கடையில் நான் ஒரு கூலிக்காரன். இங்கே எல்லோருக்கும் அண்ணன்.

தையல்காரம்மா வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். அவள் மகள் அறைக்குள் அடைந்து, யாரோடும் பேசாமல் கிடந்த நாட்கள். அந்த அம்மா எப்போதும் எனக்கு இடது பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“எம் பொண்ணு எங்க அண்ணன் குழந்தையைக் கைல வாங்கினா. வாங்கினதும், கீழ போட்டுடுவேனோன்னு ஒரு பயம் வந்துச்சாம். அப்படியே திருப்பிக் குடுத்துட்டா. அதுக்கப்புறம் குழந்தைங்க இருக்கிற பக்கமே போறதில்லைண்ணே. என் பொண்ணு கெட்டவளா?”

நான்தான் பதில் சொன்னேன். “அப்படிப் பயப்படுறவ எந்தக் குழந்தைக்கும் கெடுதல் பண்ண மாட்டாம்மா. பாசம்தான் அப்படிப் பயமா வருது.” நீங்கள் கூடத் தலையாட்டினீர்கள். ஆகவே, அது ஆபத்தில்லாத பயம் என்று எனக்குத் தெரியாது என நான் சொல்ல முடியாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில். எந்தக் குழந்தையைத் தொடப் பயந்தாளோ, அதே வயதுக் குழந்தைகளோடு. மடியில் ஒரு குழந்தை தூங்க, அவள் சிரிக்கும் படத்தைத் தையல்காரம்மா போனில் எல்லோருக்கும் காட்டினாள். புதிதாக வந்தவர்களுக்காக அந்தப் பழைய பயத்தையும் ஒருமுறை சொன்னாள். எல்லோரும் கைதட்டினோம். எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

“சனிக்கிழமையும் அவளுக்கு வேலை இருக்குண்ணே. நான்தான் கூட்டிட்டுப் போகணும். இனிமே இங்க வர முடியாது. எப்பவாவது எட்டிப் பார்க்கிறேன்” என்றாள்.

“அதுதாம்மா வேணும். இங்க வராம இருக்கறதுதான் நல்ல சேதி” என்றேன்.

வீட்டுக்குப் போனபோது குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். “இன்னும் ஒரே ஒரு தடவைப்பா” என்றான் மகன்.

செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில், அந்தக் காப்பகத்துக்குப் போன் செய்தேன். நடத்துகிற அம்மா எடுத்தார். நலம் விரும்பி என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னேன். கைக்குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்தவள் என்பதையும் சொன்னேன். “பச்சைக் குழந்தைங்க விஷயம், பாத்துக்குங்க” என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது, கீழே போட்டுவிடும் பயத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பெண் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: “அதை யார்கிட்ட சொன்னே?” அதோடு பேச்சு நின்றது. சாப்பாடும் நின்றது. இன்றோடு பதினோரு நாளாக மேல்மாடி வார்டில் இருக்கிறாள். அம்மாவைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

இங்கே பேசியது வெளியே போயிருக்கிறது, யார் என்று நீங்கள் விசாரித்தீர்கள். பேருந்து ஓட்டுநரின் மனைவி மேல் சந்தேகம் வந்தது. வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, எல்லோரிடமும் கலகலவென்று பேசுகிறவள். நீங்கள் என் அபிப்பிராயம் கேட்டீர்கள். “கொஞ்சம் ஓட்டை வாய்தான் மேடம்” என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். எட்டு வயது மகளுக்காக வந்தவள். இப்போது அவளுக்கு யாரும் இல்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நானும் தையல்காரம்மாவும் ஒரே பள்ளத்தில் கிடந்தோம். அவள் ஏறிப் போனாள். என் பிள்ளை ஏறவில்லை. அவ்வளவுதான். போன சனிக்கிழமை அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அப்போது என் மனதில் இருந்தது வருத்தம் இல்லை, மேடம். நிம்மதி. சொல்லவே நாக்கு கூசுகிறது.

இன்று காலைவரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். மகன்தான் கெடுத்தான். அந்தப் பெண் வார்டில் கிடக்கும் விஷயத்தை என் மனைவி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டி, வாசலில் வந்து நின்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு.

“அந்த அக்கா பாவம்ப்பா. ஒரு தடவை ஆஸ்பத்திரில பார்த்தப்போ, என் கையைப் பார்த்து முகம் சுளிக்காதவங்க அவங்க மட்டும்தான். நான் வந்து பார்க்கட்டுமா?”

 அவனுடைய ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தது. அவன் வந்தால் அவள் பேசுவாள், பேச்சு எங்கெங்கோ போகும் என்று எனக்குப் பயம் வந்தது. “இன்னைக்கு வேண்டாம்டா. இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றேன். அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். செருப்பைக் கழற்றினான். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டு மாதமாக எந்த நாளுக்காகக் காத்திருந்தேனோ, அந்த நாளை என் வாயாலேயே திருப்பி அனுப்பினேன்.

ஓட்டுநரின் மனைவியைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள், காட்டிக்கொடுத்தது அவள் அம்மா இல்லை என்று. தையல்காரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன். கேட்டதும் உடைந்துபோய்விடுவாள், பாவம். அவளுக்குத் தைரியம் சொல்ல என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?