ஆறாவது பாட்டின் அலறல்

தொகுப்பு இசைத்தட்டை யாரும் உட்கார்ந்து முழுதாகக் கேட்பதில்லை. ஒரு ராக் குழு வருடக்கணக்கில் பாடித் தீர்த்த பிறகு, ஊர் வாயில் ஒட்டிக்கொண்ட பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அட்டையில் பழைய படம் ஒன்றைப் போட்டு, 'உச்சங்கள்' என்று பெயர் வைத்து விற்பார்கள். எல்லாம் தெரிந்த பாட்டு. பின்னட்டையில் வரிசையைப் படித்தாலே காதில் ஓடும். இதற்கு மதிப்புரை எழுத ஊசியை வேறு இறக்க வேண்டுமா? மனைவியை அடையாளம் சொல்லக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கிறவன் உண்டா?

என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், காவல் ஆய்வாளர் அவர்களே. தாளும் நல்ல பேனாவும் கொடுத்தீர்கள். எழுத்து என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளும். வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள், என் ஆசிரியரும் அதைத்தான் செய்வார்.

பத்திரிகையில் என் பக்கத்துக்குத் 'தராசு' என்று பெயர். நாளடைவில் அதுவே என் பெயராகிவிட்டது. எந்தப் பாட்டுக்கு எவ்வளவு எடை என்று நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது, அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு மட்டும் இந்த மரியாதை தொற்றவில்லை. "விடைத்தாளைப் பிரிக்காமலே மார்க் போடுற வாத்தியார் நீங்க" என்பாள். நானும் சிரிப்பேன். அவள் சொன்னது உண்மை என்பதால் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என் அறையில் தரையிலிருந்து கூரை வரை இசைத்தட்டு அலமாரி. அதன் உச்சித் தட்டில் இருப்பவை எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. அத்தனைக்கும் நான் மதிப்புரை எழுதியிருக்கிறேன். சிலதைப் பாராட்டி, சிலதைக் கிழித்து. வெயில் படும்போது அந்த வரிசை பளபளவென்று மின்னும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க" என்பார்கள்.

இனி 'இடிதாங்கி' குழுவுக்கு வருகிறேன். அவர்களுடைய உச்சங்கள் தொகுப்பு என் மேசைக்கு வந்தபோது பின்னட்டையைப் படித்தேன். ஆறாவதாக அந்தப் பாட்டு இருந்தது. பாட்டின் கடைசியில் பாடகர் ஒரு மூச்சை இழுத்து, தொண்டை கிழிய ஓர் அலறல் விடுவார். அந்த அலறலைப் பழகிப் பார்த்தே கல்லூரிப் பையன்கள் பலர் ஒரு வாரம் ஊமையாகத் திரிந்தார்கள். நான் இப்படி எழுதினேன்: 'ஆறாவது பாட்டின் இறுதியில் எழும் அலறல் இன்றும் பச்சையாக இருக்கிறது. அதைக் கேட்டபோது என் கையிலிருந்த கோப்பை நடுங்கியது.' அதை எழுதியபோது என் கையில் கோப்பை இல்லை. பல் குத்தும் குச்சி இருந்தது. பத்துக்கு எட்டு கொடுத்து, தட்டை உச்சி வரிசையில் செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பத்திரிகை வெளியானதும் ஆசிரியர் போன் செய்தார்.

"தராசு, ஆறாவது பாட்டுல அலறல் இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"இருக்கே."

"இல்லையாம். கடையில வாங்கினவங்க எல்லாம் போன் பண்ணித் திட்டுறாங்க. பாடகருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி குரலே போயிடுச்சாம். இனிமே அந்த அலறலை என் காதால கேக்க முடியாதுன்னு அவரே வெட்டச் சொல்லியிருக்கார். மூச்சை இழுக்குற சத்தத்தோட பாட்டு நின்னுடுதாம். அதைக் கேட்டு ஊரே அழுதுட்டு இருக்கு. நீங்க கேட்டீங்களா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அசடு வழிய ஒரு மன்னிப்பு, ஒரு வாரம் கேலி, அதோடு தீர்ந்திருக்கும். ஆனால் என் வாய், "என்கிட்ட இருக்கிற தட்டுல அலறல் இருக்கு சார்" என்றது. துளிகூடக் கூசவில்லை.

"அப்படின்னா கம்பெனிக்காரன் நமக்குத் தப்பான தட்டை அனுப்பிட்டான். நான் விசாரிக்கிறேன். ஆனா ஒண்ணு, நீங்க கேக்காமலே எழுதினீங்கன்னு தெரிஞ்சா அந்தப் பக்கத்தையே மூடிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் இல்லையென்றால் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன். மின்கட்டணம் கட்ட வரிசையில் நிற்கிற ஒரு நடுவயதுக்காரன், அவ்வளவுதான்.

அப்போதே ஏன் தட்டை இறக்கிக் கேட்கவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கேட்டு, அலறல் இல்லை என்று உறுதியாகிவிட்டால், அதன் பிறகு நான் சொல்வது முழுப் பொய். கேட்காதவரை பாதிப் பொய்தான். உறையையாவது பிரித்து வைத்திருக்கலாம் என்றீர்கள். அது தோன்றவே இல்லை. ஏமாற்றுவதிலும் நான் அரைகுறைதான்.

கம்பெனியில் பழி ஒலிப்பதிவாளர் தலையில் விழுந்தது. அலறலை வெட்டியவர் அவர். வெட்டிய மூலப்பதிவைத் தொழிற்சாலைக்கு அனுப்பியவரும் அவர்தான். அலறல் வெட்டாத பழைய மூலத்திலிருந்து ஏதாவது தட்டு வெளியே போயிருந்தால் வேலை போய்விடும். பாவம், மற்ற பத்திரிகைக்காரர்களிடம் எல்லாம் தட்டைக் கேட்டிருக்கிறார். ஒருவர் தொலைத்துவிட்டாராம், ஒருவர் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டாராம், ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எங்கேயோ போய்விட்டதாம். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கெட்டிக்காரர்கள், 'காலத்தால் அழியாத கீதங்கள்' என்று பொதுவாக எழுதித் தப்பித்துவிட்டார்கள். நான்தான் குறிப்பாக எழுத வேண்டும் என்கிற தொழில்பக்தியில் மாட்டிக்கொண்டேன். ஆக, பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் ஊரில் மிச்சமிருந்தது என் தட்டு ஒன்றுதான்.

ஒலிப்பதிவாளர் ஒரு பிற்பகல் என் வீட்டுக்கு வந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஒல்லியான மனிதர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேசும்போது தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார்.

"உங்க ஃபிரிட்ஜ் லேசா சுருதி விலகுது சார்" என்றார். பிறகு தானே வெட்கப்பட்டு, "மன்னிச்சுக்குங்க, தொழில் புத்தி" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"நீங்க கேக்காம எழுத மாட்டீங்க சார். ஸ்கூல் நாள்லேர்ந்து உங்களைப் படிக்கிறேன்" என்றார். "அதனால தப்பு என் பக்கம்தான் இருக்கணும். மாமனார் சிபாரிசுல கிடைச்ச வேலை சார் இது. போச்சுன்னா அந்த வீட்டுல தலை நிமிர முடியாது. தட்டை ஒரு தடவை கேட்டுட்டா போதும். என் தப்புன்னா போய் ஒத்துக்கிறேன்."

"எங்கேயோ அலமாரியிலதான் இருக்கு. தேடணும்" என்றேன். நடுத்தட்டுகளைக் காட்டினேன். சலித்துப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். அவருக்குச் சலிக்கவில்லை. நடுவில் கிடைக்காததும் ஏணியில் ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். விருந்தாளி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் பிடித்தேன், அந்த நிமிடம் வரை.

உச்சி வரிசையில் ஒன்றை உருவினார். இன்னொன்றை உருவினார். மூன்றாவதை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதெல்லாம் பிரிக்கவே இல்லையே. இதுக்கு நீங்க முழுப் பக்கம் எழுதினீங்க. நான் வெட்டி வச்சிருக்கேன்."

அண்ணாந்து பார்த்தபடி நான் ஏதோ முனகினேன். அதற்குள் இடிதாங்கி அவர் கைக்கு வந்துவிட்டது. உறை சுருக்கம்கூட இல்லாமல் பளபளத்தது. அவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பு என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன், அது தவறு. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியவனின் சிரிப்பு அது.

"அப்பாடா. அப்போ என் தப்பு இல்ல சார். எனக்கு இப்பத்தான் உயிரே வந்துச்சு. நீங்க கவலைப்படாதீங்க, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்க எடிட்டர்கிட்ட மட்டும் சொன்னா போதும்."

எடிட்டரிடம் மட்டும். இதைவிட நல்ல மனதோடு யாரும் என்னை முடித்துவிட்டிருக்க முடியாது.

"எதுக்கும் ஒரு தடவை பிரிச்சுப் போட்டுப் பாத்துடுவோமா?" என்று உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

உறை கிழிந்தால் கதை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. தரை வழவழப்பானது, ஏணி சறுக்கிவிட்டது என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். தரை வழவழப்பானதுதான். ஆனால் ஏணி தானாகச் சறுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

ஸ்பீக்கரின் இரும்புக் காலில் அவருடைய பின்தலை பட்டது. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது என்று சொல்ல மாட்டேன், என் பக்கம் இருந்தது. போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தால் இவர் முதலில் யாரிடம் பேசுவார் என்று யோசித்தேன். அவருடைய விரல்களை விலக்கித் தட்டை எடுத்து உச்சி வரிசையில் திரும்பச் செருகினேன். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பழைய தட்டு ஒன்றை ஓடவிட்டு என் நாற்காலியில் சாய்ந்தேன். இரண்டு பக்கமும் கேட்டேன். ஒரு தட்டை நான் முழுதாகக் கேட்டுப் பல வருடம் ஆகிறது. நன்றாகவே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எங்கேயோ அவருடைய மூச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. பாட்டு முடிந்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அவருக்கு ஞாபகமறதியாம், எங்கே எதைச் சோதிக்கப் போனாலும் சட்டைப் பையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டுக்கொண்டே போவாராம். எனக்குத் தெரியாது. நீங்கள் அதை இந்த மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினீர்கள். என் தொழிலில் இதுவரை நான் முழுக் கவனத்தோடு கேட்ட பதிவு அதுவாகத்தான் இருக்கும். சொல்லட்டுமா? துல்லியமான பதிவு. ஃபிரிட்ஜ்கூடத் தெளிவாகக் கேட்கிறது, நிஜமாகவே சுருதி விலகித்தான் இருக்கிறது. என் குரலில் ஜீவன் இல்லை. முற்பாதி கொஞ்சம் இழுவை. ஏணி நகர்ந்ததும் அவர் ஒரு மூச்சை இழுக்கிறார், அதன் பிறகு அலறல் இல்லை. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சில்லிட்டது. இடிதாங்கியின் பாட்டில் அவர் வெட்டிய இடம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பதிவைப் பற்றி அறிந்ததும் ஆசிரியர் பக்கத்தை மூடிவிட்டார். 'ஆறாவது பாட்டைப் பற்றி எங்கள் விமர்சகர் எழுதியது தவறு, வருந்துகிறோம்' என்று கட்டம் கட்டித் திருத்தமும் போட்டார். மனைவி இங்கே வந்தபோது கையோடு அதைக் கொண்டுவந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பிரிச்சுக் கேட்டிருக்கலாம்ல? அவ்வளவுதானே வேலை?" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

இன்று காலையில் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். சாட்சிப் பொருளாக எடுத்த அந்தத் தட்டின் உறையைப் பிரித்து, ஊசி வைத்துக் கேட்டதாகச் சொன்னீர்கள்.

"ஆறாவது பாட்டுல அலறல் இருக்கு. காது கிழியுது" என்றீர்கள்.

பத்திரிகைகளுக்கு முதலில் அனுப்பிய தட்டுகள் எல்லாம் பழைய மூலத்திலிருந்து அச்சானவை என்று கம்பெனியும் ஒத்துக்கொண்டுவிட்டதாம். அந்த மனிதர் பயந்தது சரி. தவறு அவருடையதுதான். நான் அந்தத் தட்டை இறக்கிக் கொடுத்திருந்தால் என் பக்கமும் பிழைத்திருக்கும், அவரும் பிழைத்திருப்பார். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. தண்ணீர் மட்டும் கேட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது, கோப்பையும் நடுங்கியது. அதையும்கூட நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அவரை நான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன், காப்பாற்ற நேரம் இருந்தும் காப்பாற்றவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், தண்டனையைப் பற்றி முறையிட மாட்டேன். பதிலுக்கு ஓர் உதவி செய்யுங்கள். அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். என் மதிப்புரையில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை.