மழைக்கோட்டுக்கு உள்ளே

வெளிநாட்டுக் குளிர்க்கரை ஒன்றில், சீசா என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு மன்னார்க்காரர் இருந்தார்கள். இளையவர் மறுநாள் முதல்முறையாக இந்த ஊர் மீன்பிடி வள்ளத்தில் ஏறப்போகிறவர். அவருடைய மடியில் புதுக் குளிருடுப்புகள் இருந்தன.

“அண்ணை, கம்பளிச் சுவெட்டர், அதுக்கு மேலை லைஃப் ஜாக்கெட், எல்லாத்துக்கும் மேலை மழைக்கோட்டு போடப்போறன்,” என்றார்.

“உனக்கென்ன விசரே? தண்ணி பட்டவுடனை லைஃப் ஜாக்கெட் தானா ஊதும். கோட்டுக்குள்ளை ஊதினால் நெஞ்சை நெரிக்கும். வெளியாலை போடு.”

“வெளியாலை தெரிஞ்சால் வள்ளத்திலை நிக்கிற எங்கடையாக்கள் சிரிப்பினம், மன்னாரானுக்கு நீந்தத் தெரியாதாமெண்டு.”

“ஓம். என்ரை தம்பியும் இதைத்தான் சொன்னவன்.”

நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

“அவர் இப்ப எங்கை, அண்ணை?”

“ஞாயிற்றுக்கிழமை அவன்ரை ஆண்டு நினைவுப் பூசை. கரைக்கு வந்தியெண்டால் வா.”